ஒரு மடைக்கு மூன்று அதிபதிகள்

டெல்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மகாராஜாவின் தர்பார் நடந்த அந்தக் கார்த்திகையில் தேசம் முழுக்கப் பட்டங்கள் மழையாய்ப் பெய்தன என்று பேச்சு. திவான் பகதூர், ராவ் பகதூர், ராவ் சாகிப், கான் சாகிப் என்று அள்ளி அள்ளி விட்டார்களாம். அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, தாமிரபரணி வாய்க்காலை ஒட்டி இருந்த பூவணூரில் மட்டும் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

பூவணூரில் வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்தவர்கள் மூன்று பேர். கிராம முன்சீப் கைலாசம் பிள்ளை ஒருவர். கர்ணம் குற்றாலலிங்கம் பிள்ளை ஒருவர். வாய்க்கால் மராமத்துக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து வந்து தங்கியிருந்த ஓவர்சியர் ஜெபசீலன் ஒருவர். பட்டம் வாங்குகிற அளவுக்கு இவர்கள் என்ன சாதித்தார்கள் என்று கேட்கக்கூடாது. வாங்கினவர்கள் என்ன சாதித்தார்கள் என்று யாராவது கேட்டார்களா?

போதாக்குறைக்கு, அந்த வருஷம் ஆனியில்தான் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் துரையைச் சுட்டிருந்தார்கள். அதிலிருந்து ஜில்லாவில் அதிகாரி என்று பெயர் பெற்ற எல்லாருக்கும் ஒரு வியாதி பிடித்தது. காலையில் எழுந்ததும் தங்கள் அதிகாரம் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் எழுந்து நின்று கும்பிட்டால் இருக்கிறது என்று அர்த்தம். ஒருத்தன் கும்பிடாமல் போய்விட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

இவர்கள் மூன்று பேர் நடுவிலும் மாட்டிக்கொண்டவர் நேசையா உபதேசியார்.

நேசையா பூவணூருக்குக் கீழே ஆறுதல்புரம் என்கிற கிறிஸ்தவ வேதக்காரர் குடியிருப்பில் உபதேசியார். பெரிய குருவானவர் மாசத்துக்கு ஒரு தடவை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறெல்லாம் ஆராதனை நடத்துவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவனைப் பிடித்துச் சமாதானம் பண்ணுவது எல்லாம் நேசையாதான். சாதுவான மனிதர். அவருக்கு ஆண்டவர் கொடுத்த ஒரே பெரிய சொத்து தொண்டை. கோவிலுக்கு ஓலைக்கூரை, இடுப்பளவு மண்சுவர். அவர் உள்ளே ஜெபம் பண்ணினால் அம்பாசமுத்திரம் ரோட்டில் போகிற வண்டிக்காரன் பாதி ஜெபத்தைக் கேட்டுவிட்டுத்தான் போவான்.

அது தை மாசம். பிசானப் பருவத்து நெல் பால் பிடிக்கிற நேரம். ஆறுதல்புரத்து வயல்கள் வாய்க்காலின் கடைசியில் கிடந்தன. மேலே இருக்கிறவர்கள் குடித்து மிஞ்சியதுதான் கீழே வரும். அந்த வருஷம் மிஞ்சவில்லை. வயல் வெடித்து, வெடிப்பில் கட்டை விரல் போகிற அளவுக்கு வந்துவிட்டது. பூவணூர் எல்லையில் இருந்த கடைசி மடையின் பலகையைத் தூக்கி, ஒரே ஒரு தண்ணீர் விட்டால் போதும், பங்குனியில் வீட்டுக்கு நெல் வரும். இல்லாவிட்டால் வைக்கோல் வரும். நேசையாவின் மனைவி சாரம்மாள் விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு எடுத்துப் பயிரிட்ட வயல் எல்லாவற்றுக்கும் கடைசி வயல். தண்ணீர் எல்லாரையும் நனைத்துவிட்டுத்தான் அங்கே வரவேண்டும்.

மடையைத் திறக்கச் சொல்லிக் கேட்கத்தான் நேசையா முன்சீப்பைப் பார்க்கப் போனார்.

முன்சீப் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "வே உபதேசியாரே, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ராசாவுக்கு வேண்டுதீரு, ராணிக்கு வேண்டுதீரு. ரோட்டுல போகையில கேட்டேன். அதுக்குப் பொறவு என்னமோ சொல்லுதீரே, என்னது அது?"

"அதிகாரத்துல இருக்கிற யாவருக்காகவும்னு சொல்லுதோம்யா. ஐயாவும் அதுல சேத்திதான்."

"சேத்தியா? எல்லாரையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டுனா, நான் எங்கன கெடக்கேன்னு உம்ம சாமிக்கு எப்படிவே தெரியும்? தலையாரியும் அந்தச் சாக்குல, நானும் அந்தச் சாக்குலயா?"

கைலாசம் பிள்ளை பட்டை பட்டையாகத் திருநீறு பூசுகிற சைவர். ஆறுதல்புரத்துக் காற்றுப் பட்டாலே குளிக்கிறவர். ஆனால் பட்டம் என்று வந்துவிட்டால் எந்தச் சாமி வாசலில் கொடுத்தால் என்ன?

"ஐயாவுக்குத் தனியா சொல்லிப்புடுதேன். அந்தத் தண்ணி..."

"மொதல்ல ஆளைச் சரியாச் சொல்லும். பொறவு தண்ணியைப் பேசுவோம்."

அடுத்த ஞாயிறு ராஜாவுக்கும் ராணிக்கும் அடுத்தபடியாக, "எங்கள் ஊருக்கு அதிபதியாகிய கைலாசம் பிள்ளை அவர்களுக்காகவும்" என்று நேசையா ஜெபித்தார். சபையார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூப்பர் அப்பாத்துரைக்குக் காது மந்தம். எங்கே நிறுத்தினாலும் ஆமென் சொல்லிவிடுவார். சொன்னார். மற்றவர்களும் சொன்னார்கள்.

அந்த ஆமென் அடங்குவதற்குள் கர்ணம் வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. சாயங்காலமே கூப்பிட்டு அனுப்பினார்.

"கைலாசம் அதிபதியாமே? அப்ப நான் யாரு வே? அதிபதிக்குக் கணக்கெழுதுதவனா?"

உண்மையில் அவர் வேலை அதுதான். ஆனால் உண்மை பேசுவதற்கு அது நேரமில்லை.

"ஐயாவுக்கும் அடுத்த வாரம் சொல்லிப்புடுதேன். தலைவர்னு..."

"தலைவரா? நாலு வண்டிக்காரன் சேந்து உக்காந்தா அங்கன ஒருத்தன் தலைவர். வேற சொல்லும்."

"எசமான்னு சொல்லட்டா?"

"என் வீட்டு மாடு மேய்க்கவன் தெனம் நூறு மட்டம் சொல்லுதான். அதுக்கு நீரு எதுக்கு, ஒம்ம கோவில் எதுக்கு?"

நேசையா தலையைச் சொறிந்தார். "பிரபுன்னு சொல்லுவோமாய்யா?"

கர்ணம் அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டுக் கருப்பட்டித் துண்டு மாதிரி ஒதுக்கிச் சுவைத்துப் பார்த்தார். "பிரபு. ம். இது அதிபதிக்கு மேலயா, கீழயா?"

"மேலதான்யா."

"நல்லாத் தெரியுமா?"

"வேதத்துலயே மேலதான்யா," என்றார் நேசையா. சொல்லிவிட்டு, மன்னியும் ஆண்டவரே என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டார். இந்தக் கேள்வியை முன்சீப்பும் மறுநாள் கேட்டார் என்பதையும், அவருக்கு அதிபதிதான் மேல் என்று நேசையா பதில் சொன்னார் என்பதையும் இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

ஓவர்சியர் ஜெபசீலன் வேதக்காரர்தான். ஆனால் பாளையங்கோட்டை வேதக்காரர். கோவிலுக்கு வந்தால் எல்லாரும் பாயில் உட்கார, அவருக்கு மட்டும் முன்னால் நாற்காலி. மடியில் தொப்பி. பிரபுவுக்கான ஆமென் முடிந்த கையோடு, ஆராதனை கலைந்ததும் நேசையாவை ஒதுக்குப்புறமாக அழைத்தார்.

"உபதேசியாரே, நான் அகங்காரம் பிடிச்சவன் இல்ல. ஆனா முன்சீப், கர்ணமெல்லாம் புறஜாதியார். அவங்களுக்கே தனித்தனியா விண்ணப்பம் போகுது. நான் விசுவாசி. சர்க்கார் இஞ்சினீர் இலாகா. நான் மட்டும் 'யாவரும்'ல கெடக்கிறது ஆண்டவருக்கே நல்லா இருக்குமா?"

"கண்காணின்னு சொல்லட்டுமாய்யா? உங்க உத்தியோகத்துக்கு நேரான சொல்லு."

ஓவர்சியருக்கு முகம் சிவந்தது. "கொழும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறானே, அவனைல்லா ஊருல அப்படிச் சொல்லுதாங்க!"

கடைசியில் தேசாதிபதி என்று முடிவாயிற்று. வேதத்தில் அந்தப் பதவியில் இருந்தவர் ஆண்டவரைச் சிலுவையில் அறைய விட்டு, எனக்குப் பொறுப்பில்லை என்று தண்ணீர் வாங்கிக் கை கழுவினவர் என்பது நேசையாவுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஓவர்சியருக்கு வரவே இல்லை. அடுத்த ஞாயிறு அந்தப் பட்டமும் ஜெபத்தில் ஏறியது.

சாரம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வயல்ல நெல்லு காயுது. நீங்க வீட்டுக்கு வீடு பட்டத்தைக் கொண்டு போய் அளந்துக்கிட்டு வாரீக."

"ஏட்டி, பெரியவங்க மனசு குளுந்தாத்தான் மடை தொறக்கும்."

"மூணு வாரமாக் குளுந்துக்கிட்டுல்லா இருக்கு? இந்நேரம் அவுகளுக்குச் சளி பிடிச்சிருக்கணும்."

நேசையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

முதலில் அதிபதி. "தண்ணியா? அதுல எனக்கு என்ன வே அதிகாரம் இருக்கு? நான் வரி வசூல், சின்னச் சின்ன அடிதடி பாக்கிறவன். எந்த வயலுக்கு எந்த மடைங்கிறதெல்லாம் கர்ணத்துக்கிட்டல்லா இருக்கு?"

அடுத்து பிரபு. "நான் எழுதுதவன்யா. எழுதத்தான் செய்வேன். பலகையைத் தூக்கச் சொல்ல எனக்கு ஏது அதிகாரம்? வாய்க்கால் மராமத்து இலாகாவுது. ஓவர்சியரைப் போய்ப் பாரும்."

கடைசியாகத் தேசாதிபதி. அவர் நாற்காலியை எடுத்துப் போட்டார். ஜெபத்தில் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம் என்று யோசனை சொன்னார். பிறகு தண்ணீர் விஷயம். "வாய்க்காலோட கரை, கல்லு, சுண்ணாம்பு இதுதான் என் பொறுப்பு. உள்ள ஓடுற தண்ணி ஊர்க்காரங்களுது. கிராமத்துக்குத் தலைமை முன்சீப்தானே? எனக்கு அதிகாரம் இல்லாத விஷயத்துல நான் தலையிட்டா நல்லா இருக்காது பாரும்."

நேசையா மறுபடியும் முன்சீப் வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. உள்ளே போகவில்லை. அந்த ஊரில் மூன்று பேருக்கும் மூன்று பட்டம் கொடுத்தாகிவிட்டது. தண்ணீர் என்று கேட்டால் மூன்று பேருக்கும் ஒரே பட்டம்தான், அதிகாரமில்லாதவர். வீட்டுக்கு வரும் வழியில் சாரம்மாளின் வயலில் இறங்கி ஒரு கதிரைப் பிடித்து நகத்தால் கிள்ளிப் பார்த்தார். பால் இல்லை.

ஞாயிறு வந்தது. அன்றைக்குப் பக்கத்தில் சந்தை. ரோடு நிறைய ஜனம். மண்சுவருக்கு வெளியே புளியமரத்தடியில் முன்சீப் வேட்டியைத் தழையவிட்டுக்கொண்டு, சும்மா நிற்கிறவர் மாதிரி நின்றார். கொஞ்சம் தள்ளி கர்ணம், அவரும் சும்மாதான். ஓவர்சியர் உள்ளே நாற்காலியில். மூன்று பேரும் தங்கள் தங்கள் சொல் வருகிறதா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

நேசையா முழங்கால் போட்டார். ராஜாவுக்காக ஜெபித்தார். ராணிக்காக ஜெபித்தார். அப்புறம் மூன்று பட்டத்துக்கும் வந்தார்.

"ஆண்டவரே, இந்த ஊர் அதிபதியாகிய கைலாசம் பிள்ளை அவர்களை நினைத்தருளும். தமக்கு ஒரு அதிகாரமும் இல்லை என்று அவரே சொன்னார். இரங்கும். பிரபுவாகிய குற்றாலலிங்கம் பிள்ளை அவர்களை நினைத்தருளும். அவரும் தமக்கு அதிகாரம் ஏது என்றார். இரங்கும். தேசாதிபதியாகிய ஜெபசீலன் அவர்களை நினைத்தருளும். அவருக்கும் இல்லையாம், சுவாமி. மூன்று பேரும் பாவம், வெறும் ஆட்களாக இருக்கிறார்கள். ஒரு மடைப்பலகையைத் தூக்குகிற அளவுக்காவது இவர்களுக்கு அதிகாரம் கட்டளையிடும்."

கேலிக்காகச் சொன்னாரா என்றால் இல்லை. அப்போது அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். மூப்பர் அப்பாத்துரைக்கு அன்றைக்கு என்னவோ எல்லாம் காதில் விழுந்திருந்தது. கூரை ஓலை அதிர ஆமென் சொன்னார். சபை முழுக்கச் சொன்னது. அவர்களுக்கும் வயல் இருந்ததே.

ரோட்டில் போன வண்டி நின்றுவிட்டது. "ஏலே, முன்சீப்புக்கு அதிகாரம் இல்லையாம்லே! வேதக்காரங்க கூட்டமா முட்டுப் போட்டு அழுதாங்க."

"கர்ணத்துக்குமாலே?"

"மூணு பேருக்கும் போச்சாம். டெல்லியில பிடுங்கிப்புட்டாங்களோ என்னவோ."

புளியமரத்தடியில் சும்மா நின்ற இருவரும் சும்மா கிளம்பிப் போனார்கள். ஓவர்சியர் தொப்பியை எடுத்துக்கொண்டு காணிக்கைப் பாட்டுக்கு முன்னாலேயே எழுந்துவிட்டார். சந்தை கலைவதற்குள் அந்தச் செய்தி கருவாட்டுக் கூடையோடும் பானை சட்டியோடும் நாலு திசைக்கும் போய்ச் சேர்ந்தது. முன்சீப் வீட்டு வழியாகப் போன ஒருத்தன் அன்று சாயங்காலம் கும்பிடவில்லை. வேண்டுமென்றே செய்தானா, கையில் கூடை இருந்ததா, தெரியாது. முன்சீப்புக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் கைலாசம் பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசி மடைக்கு வந்துவிட்டார். மடை பார்க்கிற முத்துமாலை அப்போதுதான் பல் குச்சியை வாயில் வைத்திருந்தான்.

"ஏலே, தூக்கு பலகையை! முன்சீப் சொல்லுதேன்!"

நாலு பேர் பார்க்கட்டும் என்று ஊரே கேட்கும்படி சொன்னார். முத்துமாலை பலகையைத் தூக்கிக் கரையில் சாய்த்து வைத்தான். தண்ணீர் ஒரு தடவை மூக்கை உறிஞ்சின மாதிரி சத்தம் போட்டுவிட்டு ஆறுதல்புரம் பக்கம் இறங்கியது.

நேசையாவும் சாரம்மாளும் செய்தி கேட்டு ஓடி வந்தார்கள். சாரம்மாள் மண்வெட்டியோடு தண்ணீர் கூடவே வயலுக்குப் போனாள். நேசையா நன்றி சொல்ல மடையில் நின்றார். வாயைத் திறப்பதற்குள் கர்ணம் வந்துவிட்டார். அவருக்கும் ராத்திரி தூக்கமில்லை.

"எவன்லே தொறக்கச் சொன்னது?"

"முன்சீப் ஐயா," என்றான் முத்துமாலை.

"எந்த வயலுக்கு எப்பத் தண்ணின்னு எழுதுதவன் நான். நான் சொல்லாம எப்படித் தொறந்தே? மூடுலே! மூடிட்டு, நான் சொன்னதும் தொற!"

"மூடுனே, கையை ஒடிச்சிருவேன்!" என்றார் முன்சீப்.

முத்துமாலை பலகையை மடையில் போடுவதா, கரையிலேயே விடுவதா என்று பாதியில் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில் ஓவர்சியர் தொப்பியோடு வந்து சேர்ந்தார்.

"இது சர்க்கார் வாய்க்கால்! இது சர்க்கார் பலகை! இதைத் தூக்கவும் இறக்கவும் அதிகாரம் யாருக்குங்கிறதை நான் தீர்மானம் பண்ற வரைக்கும், ஒருத்தனும் பலகையைத் தொடக்கூடாது!"

முத்துமாலை உடனே பலகையைக் கரையில் சாய்த்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, நிழல் பார்த்து உட்கார்ந்தான். அவன் வாழ்நாளில் இவ்வளவு சுலபமான உத்தரவு வந்ததில்லை.

மூவரும் சண்டை போட்டார்கள். தண்ணீர் ஓடியது.

நேசையாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சமாதானம் பண்ணி வைப்பதே தொழிலாக இருந்தவர். பழக்கதோஷத்தில், "ஐயாமாரே, சண்டை வேண்டாம்" என்று சொல்ல ஓர் அடி எடுத்துவைத்தார். மடையைப் பார்த்தார். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். எடுத்த அடியைப் பின்னுக்கு வைத்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. முன்சீப் வயசாளி, தொண்டை கட்டிவிட்டது. "சரி, தொலையுது. கர்ணமே, நீரே மூடச் சொல்லித் தொறக்கச் சொல்லும். எனக்கு வேலை இருக்கு" என்று துண்டை எடுத்தார்.

ஒருதரம் மூடினால் பிறகு இந்தப் பலகை தை முடியும்வரை எழும்பாது. வாய் தானாகப் பேசியது.

"நியாயாதிபதின்னா இதுல்லா நியாயாதிபதி! ஐயா விட்டுக் கொடுக்காக பாருங்க, கர்ணம் ஐயாவுக்காக."

"யாரு, கைலாசம் எனக்கு விட்டுக் கொடுக்காரா?" கர்ணம் திரும்பினார். "நியாயாதிபதியா அவரு? விட்டுக் கொடுக்க இது அவரு அப்பன் வாய்க்காலா?"

முன்சீப் எடுத்த துண்டைத் திரும்பப் போட்டார். "எங்க அப்பனை இழுத்தீரா? வாரும்யா!"

அரைமணி நேரத்துக்கு அது போதுமாயிருந்தது. அது தணிந்தபோது, நேசையா கர்ணத்தைப் பார்த்து, "பரிபாலகர் ஐயா கொஞ்சம் நெழலுக்கு வரலாம்லா" என்றார். ஓவர்சியருக்குப் பொறுக்கவில்லை. பரிபாலனம் சர்க்காருடையது என்று ஆரம்பித்தார். ஓவர்சியர் ஓய்ந்தபோது முன்சீப்புக்குத் தளகர்த்தர் என்று ஒன்று. நேசையா ஒவ்வொன்றாக விறகு மாதிரி எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். இப்படி ஒரு தீயை மூட்டுவோம் என்று அவர் கனவிலும் நினைத்தவரில்லை. உள்ளுக்குள் ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார், சண்டை நீடிக்கும்படியும் கேட்டுக்கொண்டார். எந்த விண்ணப்பம் முதலில் போய்ச் சேர்ந்ததோ.

மத்தியானம் தாண்டி சாரம்மாள் முழங்கால் வரை சேற்றோடு வந்தாள். புருஷன் காதோரம் குனிந்து சொன்னாள், "அப்பாத்துரை மாமா வயலு நனைஞ்சாச்சு. அடுத்த வயலும் ஆச்சு. நம்ம வயலுக்கு இப்பத்தான் மொகப்புல வருது. இன்னும் ஏதாச்சும் பட்டம் வச்சிருக்கீகளா?"

"தீந்து போச்சுட்டி."

"தீந்துபோச்சா? கோவில்ல அத்தனை நேரம் பேசுதீக!"

மூவரும் களைத்துப்போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஓவர்சியர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். இது நல்லதுக்கில்லை. அவசரத்தில் நேசையா முன்சீப்பைப் பார்த்து, "மேய்ப்பர் ஐயா இன்னும் ஒண்ணும் முடிவா சொல்லலியே" என்றார்.

வேதக்காரர்களுக்கு அதற்கு மேல் ஒரு கௌரவம் கிடையாது, ஆண்டவரையே அப்படித்தான் அழைப்பார்கள். முன்சீப்புக்கு அது எப்படித் தெரியும்?

"என்ன சொன்னீரு? நான் மேய்க்கவனா? ஆடா, மாடா?"

"பன்னியோ என்னவோ," என்றார் கர்ணம் சந்தோஷமாக.

"ஏன்யா, இவன்தான் கோவில்ல வச்சு நம்ம மூணு பேரையும் சந்தி சிரிக்க வச்சவன்!" முன்சீப்பின் விரல் நேசையா பக்கம் திரும்பியது. அவ்வளவு நேரமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த மூன்று முகங்களும் ஒன்றாகத் திரும்பின. காலையிலிருந்து அந்த மூன்று பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. "முத்துமாலை! போடுலே பலகையை!" என்றார் முன்சீப். மற்ற இருவரும் மறுக்கவில்லை. முத்துமாலை முனகிக்கொண்டே எழுந்தான்.

நேசையா சாரம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

சாரம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். குரலில் தேன். "ஐயா, இவரு கெடக்காரு, கூறு இல்லாத மனுசன். இவரு பேச்சை விடுங்க. எங்க ஊரு சனத்துக்கு ஒண்ணு தெரிஞ்சாப் போதும். இப்ப யாரு சொல்லி முத்துமாலை பலகையைப் போடுதானோ, அவுகதான் மூணு பேருலயும் பெரியவுகன்னு நாங்க தெரிஞ்சுக்கிடுதோம். முன்சீப் ஐயாதான்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. நாங்க போய்ச் சொல்லிப்புடுதோம்."

முத்துமாலை பலகையை எடுக்கக் குனிந்தான்.

"நில்லுலே!" என்றார் கர்ணம்.

"தொடாதே அதை!" என்றார் ஓவர்சியர். "காலையிலேயே நான் உத்தரவு போட்டிருக்கேன்!"

"நான் போடுங்கேன்!" என்றார் முன்சீப்.

"நான் போடச் சொன்னாத்தான் போடணும்!"

"அப்ப நீரு சொல்லும் பாப்போம்!"

"நான் சொல்லாட்டி நீரு எப்படிச் சொல்லுவீரு?"

முத்துமாலை மூன்று பேர் வாயையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான். சாரம்மாள் புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க. இனி அது தானா எரியும்."

வயலுக்கு வந்தபோது தண்ணீர் கடைசி வரப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. வெடிப்புகள் குமிழி விட்டு மூடிக்கொண்டிருந்தன. நேசையா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, தாள்களைக் கையால் தடவிக்கொண்டே ஒரு தரம் நடந்தார். பேசிப் பேசி வாய் அலுத்துப்போயிருந்தது.

தண்ணீர் நிற்கவில்லை. கணுக்கால் அளவு போதும் என்றிருந்தது கெண்டைக்காலுக்கு வந்தது. இப்படியே விட்டால் பயிர் சாய்ந்துவிடும். மடையை மூடச் சொல்லலாமா என்று நேசையா மேலே பார்த்தார். காற்றில் மூன்று குரலும் கேட்டன. தொப்பி ஒன்று ஆகாசத்தில் ஏறி இறங்கியது. அங்கே போய் மூடச் சொல்லிக் கேட்கிற அளவுக்கு அவர் பைத்தியமில்லை.

"இங்கன வெட்டுவோம்," என்று சாரம்மாள் கடைசி வரப்பில் மண்வெட்டியைப் போட்டாள். மிச்சத் தண்ணீர் கீழப்பத்து ஊர்க் குளத்தைப் பார்த்து ஓடியது. அந்தக் குளமும் மார்கழியிலிருந்து வறண்டு கிடந்ததுதான்.

பொழுது இறங்கும்போது கீழப்பத்திலிருந்து ஒருவர் குடையை இடுக்கிக்கொண்டு வரப்பு வழியே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், பின்னால் வாழைத்தாரோடு ஓர் ஆள். அந்த ஊர் முன்சீப்பாம்.

"கேக்காமலே எங்க குளத்துக்குத் தண்ணி விட்டிருக்காகளே, எந்த மகராசன்? பூவணூர்ல இதுக்கு அதிகாரப்பட்டவுக யாரு? அவுக ஒருத்தரை மட்டும் பாத்து மரியாதை பண்ணிட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

நேசையா வாயைத் திறந்தார். சாரம்மாள் மண்வெட்டிக் காம்பால் அவர் காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அங்கன மடைக்கிட்டதான்யா இருக்காக," என்றாள். "நேரா போங்க. வரப்பு வழுக்கும், பையப் போங்க. போனதும், 'உங்கள்ள யாருங்க?'ன்னு சத்தமா ஒருதரம் கேளுங்க, போதும்."